ரத்தினத்தின் ஆல்ட்டோ

அத்தியாயம் 14

எட்சன் தோஹாவிலிருந்து வந்து இறங்கி இரண்டு நாளாகிவிட்டது. சிரித்த முகமாக ஒரு வார்த்தை? ம்ஹும். அம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கைச் சாப்பிட்டான், மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். தங்கை பிரீனா இருக்கிறாளே, பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர், அவள் அம்மா ரத்தினத்தின் கதையை இசை நாடகமாக எழுதிவிட்டாள். குழித்துறைக்கு மேற்கே கல்லுவிளை கிறிஸ்தவ சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவில், சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அது மேடையேற வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்து, முந்திரி ஆலையில் கை வெந்து, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய ஒருத்தியின் கதை. அந்த ஒருத்தி இன்றும் ஞாயிறு தவறாமல் கொயரில், அதாவது சபைப் பாடகர் குழுவில், நின்று பாடுகிறாள். ஊரில் வேறு பேச்சே இல்லை.

எட்சன் அதை நிறுத்தத்தான் வந்திருக்கிறான். நிறுத்த முடியாவிட்டால் கண்ணால் பார்க்காமலாவது போய்விட வேண்டும் என்று, திரும்பிப் போகிற டிக்கெட்டை அதே சனிக்கிழமை மாலை ஐந்து மணி விமானத்துக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஆள் அப்படி!

பிள்ளைகள் இரண்டு பேரும் மாறி மாறி முறைத்துக்கொண்டு நின்றபோது ரத்தினம்தான் ஒரு முடிவு சொன்னாள்.

"வியாழக்கெழம ஒத்திகைய நான் முழுசாட்டுப் பாப்பேன். பாத்துட்டுச் சொல்லுவேன். சரிண்ணா சரி, வேண்டாம்ணா வேண்டாம். அதுக்குப் பெறகு ரெண்டு பேரும் வாயத் தொறக்கப்பிடாது."

இன்று வியாழக்கிழமை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ரத்தினம் கிளம்பிவிட்டாள். வெள்ளைச் சேலை, நீலக் கரை. பிளாஸ்கில் காப்பி. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை. அறுபத்திரண்டு வயதில் கல்யாண வீட்டுக்குப் போகிற சுறுசுறுப்பு.

எட்சன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "அம்மா, வேண்டாம்ணு சொல்லிரு. பிரீனா அப்பாவச் சவப்பெட்டியோட மேடையில கெடத்தப் போறா. நாலு பேரு பாத்துட்டுச் சிரிக்கணுமா?"

"யாரு சிரிப்பா?"

எட்சன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். எப்படிச் சொல்லுவான்? இருபத்தாறு வருஷமாக அவன் ஒருவரிடமும் சொல்லாத விஷயம் அது.

அப்பா செல்வதாஸ் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஒருநாள் காலை தோட்டத்துக்குப் போனவர் மரத்தடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுபோய்விட்டது என்றார்கள். மறுநாள் சபைக் கோயிலில் அடக்க ஆராதனை. பன்னிரண்டு வயது எட்சன் முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கையை அம்மா தன் மடியில் இறுகப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி ஒன்றுதான் அவனைக் கீழே விழாமல் வைத்திருந்தது.

முதல் பாட்டுக்கு ஆர்கன் சுருதி கொடுத்தது. அம்மா கையை விட்டாள். எழுந்தாள். அப்பாவின் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், கொயரில் தன் இடத்தில் நின்று, புத்தகத்தைத் திறந்து பாடினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பின்னால் இருந்து ஒரு குரல், சொந்தக்காரர்தான், எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தது. "கெட்டினவன் பெட்டியில கெடக்கான், இவளுக்குப் பாட்டு கேக்குது."

பாட்டு முடிந்து அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து கையை நீட்டியபோது எட்சன் தன் கையை டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அம்மாவின் கையைப் பிடித்ததே இல்லை. படித்தான், வெளிநாடு போனான், மாதம் தவறாமல் பணம் அனுப்பினான், வீட்டை எடுத்துக் கட்டினான். கை மட்டும் பையிலேயே இருந்தது.

பிரீனாவுக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அவள் ஒன்றும் பார்க்கவில்லை, அம்மாவும் ஒன்றும் சொன்னதில்லை. அதனால்தான் அவள் நாடகத்தில் அம்மா பெட்டி மேல் விழுந்து கதறிக் கதறிப் பாடுகிறாள். அன்றைக்குக் கோயிலில் இருந்த முந்நூறு பேரில் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பார்த்துவிட்டு என்ன சொல்லுவார்கள்? அதுதான் எட்சனுக்கு நெஞ்சில் நெருப்பு.

சபை மண்டபத்தில் மூன்று மணிக்கு ஒத்திகை தொடங்கியது. ரத்தினம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். எட்சன் கடைசியில், கதவோரம், பாதி உள்ளே பாதி வெளியே நின்றான்.

"அண்ணே, உள்ள வந்து இரியேன்" என்று பிரீனா மேடையிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்ச நிண்ணாலும் கேக்கும்."

"வாசல்ல நிக்கிய ஆளுக்கு டிக்கெட் கெடையாது, கேட்டியா!" என்றாள் ரீத்தா. அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ரத்தினத்தோடு இருபது வருஷம் பக்கத்து மணையில் உட்கார்ந்தவள். நாடகத்துப் பெண்களுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் பழக்கியதே அவள்தான். எல்லாரும் சிரித்தார்கள். எட்சன் அசையவில்லை.

மேடையில் முப்பது பெண்கள் குட்டை மணைகளில் வந்து உட்கார்ந்தார்கள். கல்லூரிப் பெண்கள், டீச்சர்கள், பேரன் எடுத்தவர்கள். எல்லார் கையிலும் கரி. வறுத்த கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த கைக்கு அது வேஷம். ஆளுக்கொரு மரச்சுத்தியல்.

ரீத்தா ஒரு தட்டு தட்டினாள்.

பிறகு இரண்டு பேர். பிறகு ஆறு பேர். பிறகு முப்பது சுத்தியலும் இறங்கின. தட், தட தட், தட். மண்டபத்துத் தரை அதிர்ந்தது. அந்தத் தட்டுக்கு மேலே ஒரு வரிசை பாட ஆரம்பித்தது, இன்னொரு வரிசை பதில் பாடியது. சூப்பர்வைசர் வந்தால் பாட்டு அடங்கி தட்டு மட்டும் ஓடியது, அவர் முதுகைத் திருப்பியதும் பாட்டு எழும்பியது. உடைத்த பருப்பைச் சுளகில் கொழிக்கிற சத்தம்கூட பிரீனாவுக்குத் தாளமாகிவிட்டது.

எட்சனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மா சாயங்காலம் வந்து கிணற்றடியில் சாம்பலும் தேங்காயெண்ணெயும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது அவனுக்குத் தெரியும். தோல் உரிந்து போன விரலால் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டது தெரியும். ஆனால் அந்த ஆபீஸுக்குள்ளே இப்படி ஒரு சத்தம் இருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. இந்தச் சின்னக் கழுதைக்கு எப்படித் தெரிந்தது? இவளா இதைச் செய்தாள்? மூக்கு ஒழுகிக்கொண்டு தன் பின்னால் ஓடிவந்த இவளா? அவனை அறியாமலே கதவை விட்டு நாலு எட்டு உள்ளே வந்திருந்தான்.

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் அந்தக் காட்சி வந்தது.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரத்தினமாக நடிக்கும் அபினா, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், பெட்டியின் மேல் கை விரித்து விழுந்தாள். விழுந்தபடியே பாடினாள்.

"போகாதே என் வீட்டு விளக்கே
பாதி வழியில் கை விடாதே..."

என்ன குரல் அது! உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது, நடுங்கியது, உடையாமல் இறங்கியது. முப்பது பெண்களும் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். ரீத்தா வெளிப்படையாகவே அழுதாள். எட்சன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொய், பொய் என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மா அழவில்லை. குடையின் பிடியில் ஒரு விரலால் ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் ரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரீனா மேடையிலிருந்து இறங்கி அம்மா முன்னால் வந்து நின்றாள். ஒரு வருஷ உழைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து ராத்திரியெல்லாம் எழுதியது.

"அம்மா?"

"கொள்ளாம் மக்களே. நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரத்தினம். "ஆனா இது நானில்ல."

பிரீனாவின் முகம் அப்படியே செத்துப்போனது. எட்சன் எதற்காக வந்தானோ அது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன்தானே? தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவனால் அது முடியவில்லை.

"எது தப்பும்மா? சொல்லு, மாத்துதேன். சேலையா? வருஷமா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. அண்டியாபீஸ் அப்படியே இருக்கு. ரீத்தாவுக்குத்தான் வயசு கொறஞ்சு போச்சு. இந்தப் புள்ளைக்க தொண்டைக்குக் கண்ணு பட்டிரப்பிடாது" என்று அபினாவைக் காட்டினாள் ரத்தினம். "ஆனா இவ ராகம் பாடுதா. நான் எந்தக் காலத்துல ராகம் பாடினேன்? முப்பத்தொம்பது வருசமா நான் ஆல்ட்டோ."

பிரீனா திகைத்து நின்றாள். அம்மா ஆல்ட்டோ என்பது அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். நம் பக்கத்துச் சபைகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறவர்கள்கூட சொல்ஃபா படிப்பார்கள். டோ ரே மி என்று நாலு குரலுக்கும் நாலு வரியில் எழுதியிருக்கும், அவரவர் வரியைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். மேல்வரிதான் பாட்டின் மெட்டு, அதைத்தான் ராகம் என்போம், அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடியில் பெண்கள் தாழ்ந்த குரலில் பிடிக்கிற ஆல்ட்டோ, அதைப் பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தும் அவள் பேனாவைப் பிடித்தபோது கதாநாயகிக்கு மேல்வரியைத்தான் எழுதினாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே எழுதுவார்கள்?

"அம்மா, கதாநாயகிக்கு ராகம் இல்லைண்ணா எப்படி..."

"கதாநாயகி யாராவது இருந்துட்டுப் போட்டும். எனக்க பேர எதுக்கு வச்ச?" என்றாள் ரத்தினம். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இன்னொண்ணு. அண்ணைக்கு நான் அழல்லை. பாடினேன். அதா அங்க நிக்கியானே உனக்க அண்ணன், அவனுக்குத் தெரியும்."

மண்டபம் முழுக்க எட்சன் பக்கம் திரும்பியது. அவனுக்குக் காது சூடாகிவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது! இருபத்தாறு வருஷமாக, அவன் கையைப் பைக்குள் விட்ட நிமிஷத்திலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ரத்தினம் குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு மேடை ஏறினாள். அபினாவின் தோளைத் தட்டிவிட்டு, பெட்டியைத் தாண்டி, ஓரமாகப் போய் நின்றாள்.

"கலியாணம் முடிஞ்சு இந்தச் சபைக்கு வந்த மொத வாரம் கொயரு மாஸ்டர் எனக்க தொண்டையக் கேட்டுட்டு ஆல்ட்டோண்ணு பறஞ்சாரு. வீட்டுல வந்து உங்க அப்பாதான் சொல்ஃபா படிப்பிச்சாரு. நான் பாடிப் பாத்துட்டு அவர்ட்ட கேட்டேன், இதுல பாட்டு எங்க இருக்கு, ஒரே சொரத்தச் சவட்டி மிதிச்சிட்டு நிக்கியேன்ணு. அவரு சிரிச்சிட்டுச் சொன்னாரு. நீ பாடு ரத்தினம், பாட்டு தன்னால வந்து மேல உக்காரும்ணு." அவள் பிரீனாவைப் பார்த்தாள். "ஏட்டி, டோ குடு."

பிரீனா கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள்.

ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டாள். வார்த்தை இல்லாமல் சுரமாகவே பாடினாள். அன்றைக்கு ஆராதனையில் பாடிய அதே பாட்டு, அதன் ஆல்ட்டோ வரி மட்டும். "மி, மி, மி, ரே... மி, மி, ஃபா, மி..." குரல் பெரிதாக இல்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு படி மேலே, ஒரு படி கீழே, மறுபடியும் அதே இடம். தனியாகக் கேட்டால் யாரும் பாட்டென்று சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது வரி வந்தபோதுதான் அது நடந்தது.

எட்சனுக்கு ராகம் கேட்டது! யாரும் பாடவில்லை. சத்தியமாக யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அம்மா அங்கே அசையாமல் நின்று பிடித்த அந்தச் சுரத்தின் மேலே, சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன அந்த ராகம் முழுசாக எழும்பி வந்து நின்றது. அவனுக்கு மட்டுமா? அபினா வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீத்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிரீனா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் போட்டுவிட்டாள். முப்பது பேரும் மூச்சு விடவில்லை. கடவுளே, இது என்ன!

இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது? அவன் கேட்டதெல்லாம் ராகம். அது நின்றதெல்லாம் அம்மாவின் மேல்.

கடைசி வரி முடிந்து ஆமென் வந்தது. அம்மா "ஆ" என்று இழுத்தபோது மண்டபத்தின் நடுவிலிருந்து ஒரு தாழ்ந்த குரல் அவளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. கனமான, கரகரத்த, வெகுநாள் பாடாத குரல். யார் அது என்று எட்சனே ஒரு கணம் தேடினான். தன்னுடையதுதான். அப்பாவின் மடியில் உட்கார்ந்து கேட்ட பேஸ், ஆண்களின் அடிக்குரல், சொல்லிக் கொடுக்காமலே படிந்திருந்தது.

ரத்தினம் கண்ணைத் திறந்தாள். ஆமெனை முழுசாக முடித்தாள். பாதியில் விடுகிற ஆளா அவள்!

சத்தம் அடங்கியதும் எட்சன் மேடைக்குக் கீழே வந்து நின்றிருந்தான். எப்படி வந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, அத்தனை பேர் முன்னால், சின்னப் பையன் போலக் கேட்டுவிட்டான்.

"அண்ணைக்கு எதுக்கும்மா எனக்க கைய விட்டுட்டுப் போன?"

ரத்தினம் மேடை விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். இருவர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது.

"மக்களே, அண்ணைக்குக் கொயருல பேஸ் பாட ஆளில்ல. பேஸ் பெட்டிக்குள்ள கெடந்தாரு. என்னைய விட்டா ஆல்ட்டோவுக்கு ஒருத்தி உண்டு, அவ பேறுகாலத்துக்குப் போயிருந்தா. சுருதி குடுத்த உடனே எனக்கு அந்தப் பாட்டு எப்படி இருக்கும்ணு கேட்டுது. பேஸும் இல்ல, ஆல்ட்டோவும் இல்ல. அவருக்க கடைசிப் பாட்டுல நம்ம வீட்டு ஆளு ஒருத்தருமே இல்லாம அவர எப்படி அனுப்ப? அழ ஊரே இருந்துது. அந்த வரியப் பாட நான் மட்டுந்தான் இருந்தேன்."

யாரோ விசும்பினார்கள். பிரீனாதான்.

"நீ கையப் பைக்குள்ள போட்டத நான் பாத்தேன்" என்றாள் ரத்தினம். "சொல்லிப் புரிய வைக்கிய வயசு இல்ல உனக்கு. பெறகு சொல்லலாம்ணு விட்டேன். பெறகு, பெறகுண்ணு காலம் போச்சு. அது எனக்க தப்புதான்."

அம்மா அழவில்லை என்று அவன் சுமந்து திரிந்த இருபத்தாறு வருஷமும் அந்த மேடை விளிம்பில் வந்து கரைந்தது. அன்றைக்குக் கோயிலில் இருந்த முந்நூறு பேரில் அப்பாவை வழியனுப்பியது இவள் ஒருத்திதான். அதைப் பார்த்து வெட்கப்பட்டவன் அவன். அவனுக்கு அழுகை வந்தது, அழுதான்.

ரத்தினம் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "பிரீனா, நாடகம் நடக்கட்டு. ஆனா ரெண்டு காரியம். பெட்டி மேல விழ வேண்டாம். அபினா எழும்பிப் போயி கொயருல நிண்ணு ஆல்ட்டோ பாடட்டு. ரெண்டு நாளுல நான் படிப்பிச்சுத் தாறேன்."

"ராகம் யாரும்மா பாடுவா?"

"யாரும் பாடண்டாம். வந்து இரிக்கியவங்களுக்குத் தன்னால கேக்கும். இப்ப உனக்குக் கேக்கல்லியா?"

பிரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கேட்டுதும்மா. ரெண்டாவது காரியம்?"

ரத்தினம் மகனைத்தான் பார்த்தாள்.

"அந்த ஆமெனுக்கு அடியில ஒரு பேஸ் வேணும். சனிக்கெழம, ஆறரை மணிக்கு."

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினாள். கொட்டை எண்ணெய் தின்று தழும்பேறிய விரல்கள். எட்சன் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தான். அம்மாடி, எத்தனை சின்னக் கை! இதுவா அன்றைக்கு அவனைக் கீழே விழாமல் வைத்திருந்தது?

அப்போது அவன் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. பிறகு இன்னொரு முறை. மணி ஐந்து. விமானத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கும்போது கம்பெனியிலிருந்து வருகிற செய்தி. சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து தோஹா, பயணத்தை உறுதி செய்யவும். ஞாயிறு காலை அவன் வேலைக்குத் திரும்பியாக வேண்டும், லீவை நீட்ட முடியாது என்று மேலாளர் கறாராகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ரத்தினத்துக்கும் அந்த அதிர்வு கேட்டது.

போனை எடுக்க வேண்டுமென்றால் எட்சன் அம்மாவின் கையை விட வேண்டும். அது மறுபடியும் அதிர்ந்தது. அவன் விடவில்லை.